பாப்பாவுக்குப் பேர் முடிவாயிடுச்சு! இனிஷியலோட சேர்த்து ஒருதடவை சத்தமா படிங்க

எல்லாருக்கும் வணக்கம், வந்துட்டேன்! முதல்ல சேதி. பாப்பாவுக்குப் பேர் முடிவாயிடுச்சு! நேத்து ராத்திரிதான். காலைல எந்திரிச்சப்பவும் அதே பேர் பிடிச்சிருந்துது, உடனே கேமராவை எடுத்துட்டேன். போன வீடியோவுல ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருந்தேனே ஒரு பெரிய லிஸ்ட், அதைக் கிழிச்சாச்சு. பேரைக் கடைசில சொல்றேன்னு இழுக்கிறது எனக்குச் சுத்தமா பிடிக்காதுன்னு உங்களுக்கே தெரியும். அதனால இப்பவே சொல்லிடறேன். இளவெயினி. எங்க பாப்பா பேர் இளவெயினி!

சரி, ஒரு பேர் வைக்க இவ்வளவு நாளான்னு நிறைய பேர் கேட்டீங்க. சொந்தக்காரங்களும் கேட்டாங்க. அழகான பேரா ஒண்ணு எடுத்து வைக்க வேண்டியதுதானேன்னு. பேர் அழகா இருந்தா மட்டும் போதாதுங்க. நம்மள்ல பெரும்பாலான வீட்ல குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேர்தான். அதுவாவது ஒரே இடத்துல நிக்குதா? பள்ளிக்கூடத்துல ஒத்தை எழுத்தா சுருங்கி முன்னாடி வந்து நிக்கும். பாஸ்போர்ட்ல முழுசா விரிஞ்சு பின்னாடி போயிடும். தமிழ்ல எழுதினா ஒரு எழுத்து, இங்கிலீஷ்ல எழுதினா வேற சத்தம். இத்தனைக்கும் ஒத்துப்போற பேரா தேடணும்.

எங்க வீட்டுக்காரர் பேர் 'அ'ல ஆரம்பிக்கும், பழைய ஆளுங்களுக்குத் தெரியும். அந்த அ-தான் என்னைப் படுத்தி எடுத்துடுச்சு. லிஸ்ட்ல முதல் பேர் சுபா. அத்தைக்கு ரொம்ப ஆசை. நான் ஒரு நோட்டை எடுத்து, வருகைப் பதிவேட்டுல எழுதுவாங்கல்ல, அப்படி எழுதினேன்: அ. சுபா. சத்தமா படிங்க. அசுபா! அத்தை முகத்தைப் பார்க்கணுமே, அவங்களே அந்தப் பேரை அடிச்சுட்டாங்க. அப்புறம் மங்களா, எங்க பாட்டி பேரு. அ. மங்களா. வேணவே வேணாம். கீர்த்தி? அகீர்த்தி. அகீர்த்தின்னா கெட்ட பேருங்க! பையன் பிறந்திருந்தா தர்மன்னு வைக்கணும்னு மாமா சொல்லிட்டிருந்தார். அதர்மன். வடமொழியில இருந்து வந்த நல்ல நல்ல பேருக்கு முன்னாடி அ போட்டா அர்த்தமே தலைகீழா போகுது. அப்பா பேர் அ-ல ஆரம்பிக்கிற வீட்ல இதை முதல்ல பாருங்க, தயவுசெஞ்சு.

அ மட்டும் இல்ல. அப்பா பேர் குமார், பையன் பேர் ரங்கன்னு வைங்க. கு. ரங்கன். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல விடுவாங்களா? பன்னிரண்டாவது முடிக்கிற வரைக்கும் அந்தப் பையன் பாடு பாவம். தமிழ்ல தப்பிச்சா இங்கிலீஷ்ல மாட்டும். மாறன்னு எவ்வளவு நல்ல பேர்! ஏ. மாறன்னு கூப்பிட்டுப் பாருங்க, ஏமாறன்.

இன்னொரு கூட்டம் இருக்கு, இனிஷியலையே பேரோட ஒட்டவச்சுடறது. அப்பா முருகன், பையனுக்கு மு. கிலன், சேர்த்துப் படிச்சா முகிலன். பார்க்க அழகாத்தான் இருக்கு, ஆனா எனக்கு அறவே பிடிக்கல. அதே பையன் பாஸ்போர்ட் எடுக்கும்போது கிலன் முருகன் ஆயிடுவான். கிலன்னா என்னங்க? அப்பா பேர் தள்ளிப் போனாலும் பிள்ளை பேர் தனியா நிக்கணும்.

இப்போ நான் கண்டுபிடிச்ச விஷயத்துக்கு வரேன். இதுக்காகவே தனி வீடியோ போடலாம், அவ்வளவு சந்தோஷமா இருக்கேன். எத்தனையோ பேரை எழுதி எழுதிப் பார்த்துட்டு இருக்கும்போது திடீர்னு ஒண்ணு கண்ணுல பட்டுது. இனியா, ஓவியா, எழிலி, இந்த மாதிரி பேர் எதுவுமே இனிஷியலோட ஒட்டவே இல்ல. ஏன்னு யோசிச்சா, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். உயிரெழுத்து சொல்லுக்கு முதல்ல மட்டும்தான் வரும், நடுவுல வராது! அளபெடையில நடுவுலயும் வருதேன்னு தமிழ் டீச்சருங்க கேப்பீங்க, அது வேற கணக்கு. அப்போ, பேர் உயிரெழுத்துல ஆரம்பிச்சா, முன்னாடி எந்தத் தமிழ் எழுத்தைப் போட்டாலும் வேற வார்த்தையா மாறவே மாறாது. கு. இனியா, பே. இனியா, எதை வேணா போடுங்க, அது இனியாதான். ராத்திரி பாப்பா தூங்கறான்னுகூட பார்க்காம அவரை எழுப்பிச் சொன்னேன். அவரும் உட்கார்ந்து க, கா, கி, கீ-ன்னு வரிசையா போட்டுப் பார்த்தார். ஒண்ணுகூட மாட்டல!

ஆனா உயிரெழுத்துலயும் எங்களுக்கு ஆ ஆகல. ஆதிரைன்னு ஒரு பேர், எனக்கு உயிர். அ. ஆதிரை. அ, ஆன்னு பாடம் படிக்கிற மாதிரியே இருக்கு. போதாததுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வேற. நடுவுல வெறும் டி-யா (D), டி ஹெச்சா (DH), டீ ஹெச்சா (TH), முன்னாடி ஒரு ஏ-யா ரெண்டு ஏ-யான்னு ஆளுக்கு ஒண்ணு எழுதுவாங்க. எழிலியில ழ இருக்கு, அதுக்கு இசட் ஹெச் போட்டா வெளியூர்க்காரங்க இசட்டாவே படிப்பாங்க. ராசிக்கு ஒரு எழுத்து கூட்டிக்கோங்கன்னு சொல்றதும் எனக்கு ஆகாது. ஒரு சான்றிதழ்ல ஒரு ஏ, இன்னொண்ணுல ரெண்டு ஏ, அப்புறம் அலையறது யாரு?

இளவெயினியில த இல்ல, ழ இல்ல, இங்கிலீஷ்ல ஒன்பது எழுத்து. அவர் பேரும் ஒன்பது! பாஸ்போர்ட்ல அடியில மெஷின் படிக்கிற ரெண்டு வரி இருக்கும்ல, அதுல பேருக்கு 39 இடம்தான். நீளமான பேரும் நீளமான அப்பா பேரும் சேர்ந்தா அங்க வெட்டுப்படும். எங்களுக்கு தாராளமா இடம் இருக்கு. முக்கியமா, புறநானூறு பாடின பெண்கள்ல குறமகள் இளவெயினி, பேய்மகள் இளவெயினின்னு ரெண்டு பேர் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் இந்தப் பேர்தான்! வாய்ல நுழையாதுன்னு அத்தை சொன்னாங்க, இப்போ அவங்களே 'வெயினி, வெயினி'ன்னு கொஞ்சறாங்க.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். அப்பா பேரைச் சேர்க்காம ஒத்தைப் பேரோட பாஸ்போர்ட் எடுக்காதீங்க. 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம் ஒத்தைப் பேர்ல விசிட் விசாவுல வர்றவங்களை விடமாட்டோம்னு சொல்லிடுச்சு. அமெரிக்க விசாவுல முதல் பேர் இடத்துல எஃப்.என்.யு.ன்னு அடிச்சுடுவாங்க. முதல் பேர் தெரியலன்னு அர்த்தம், பிள்ளைக்குப் பேரே இல்லாத மாதிரி! அதே நேரம் அப்பா பேர் பின்னாடி போனா உலகம் அதையும் பிடிச்சுக்கும். செஸ் ஆனந்தைப் பாருங்க, அவர் பேர் ஆனந்த், விஸ்வநாதன் அவரோட அப்பா. உலகமே அவரை விஷின்னு அப்பா பேரைச் சுருக்கித்தான் கூப்பிடுது. அதனால உங்க வீட்டு அப்பா பேரைத் தனியாவும் கூப்பிட்டுப் பாருங்க, நாளைக்கு பிள்ளையை அதை வச்சும் கூப்பிடுவாங்க.

இங்க தமிழ்நாட்டுல, தமிழ்ல எழுதும்போது இனிஷியலும் தமிழ்லதான் இருக்கணும்னு 2021 டிசம்பர்லயே அரசாணை வந்துடுச்சு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏ. இளவெயினின்னு எழுதறதைவிட அ. இளவெயினி எவ்வளவு நல்லா இருக்கு!

அப்புறம் அவசரப்படாதீங்க. பேர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம், 12 மாசத்துக்குள்ள பேரைச் சேர்த்தா காசு கிடையாது. அதுக்கு மேல போனா 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனா ஒருதடவை ஏறிட்டா மாத்தறது லேசு இல்ல. 2023 அக்டோபர் 1-லயோ அதுக்கு அப்புறமோ பிறந்த பிள்ளைங்களுக்கு பள்ளிக்கூடத்துல சேர்க்கறதுல இருந்து எல்லாத்துக்கும் பிறந்த தேதிக்கு ஆதாரம் அந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். நாங்க திங்கக்கிழமை போய்ப் பேரைச் சேர்க்கறோம். ஸ்பெல்லிங்கைப் பெரிய எழுத்துல ஒரு தாள்ல எழுதி அவர் பையில வச்சுட்டேன், அவங்க கம்ப்யூட்டர்ல அடிக்கிறப்ப பக்கத்துலயே நிக்கப் போறேன்.

யார் வீட்லயாவது பேர் தேடிட்டு இருந்தா இனிஷியலையும் பேரையும் எழுதி அனுப்புங்க. அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணா சத்தமா படிச்சுப் பார்த்துடலாம்!