எழுத்தெல்லாம் தெரியுது, வாசிக்க மட்டும் வரல: ஏன்?

அடுத்த கேள்வி ஒரு ஆசிரியர் அனுப்பியிருக்காங்க. "நாலாம் வகுப்புல ஒரு பையன். 247 எழுத்தையும் தடங்கல் இல்லாம சொல்றான். புத்தகத்தைக் கொடுத்தா மட்டும் ஒவ்வொரு எழுத்தா எழுத்துக்கூட்டி வாசிக்கிறான், பாதி வார்த்தையை ஊகிச்சுச் சொல்றான். அதே பாடத்தை நான் நடத்திட்டு வாயால கேட்டா பதில் டாண் டாண்னு வருது. பத்துப் பத்துத் தடவை எழுத வச்சும் பலன் இல்ல. இது சோம்பேறித்தனமா, டிஸ்லெக்ஸியாங்கிற வாசிப்புக் குறைபாடா?"

சோம்பேறித்தனம்ங்கிறதை முதல்ல எடுத்துடுவோம். ஒரு வரியை முடிக்க அந்தப் பையன் படுற பாடு, சரளமா வாசிக்கிற பிள்ளை ஒரு பக்கத்துக்குப் படுறதைவிட அதிகம்.

வாயால கேட்டா பதில் வருதுன்னு சொல்லியிருக்கீங்க பாருங்க, அதுதான் முக்கியமான தடயம். 1986-ல காஃப், டன்மர்னு ரெண்டு ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்கு சொன்னாங்க. எழுத்தை ஒலியா மாத்துற திறன், கேட்டுப் புரிஞ்சுக்கிற திறன், இந்த ரெண்டையும் பெருக்கினா வர்றதுதான் வாசிச்சுப் புரிஞ்சுக்கிறது. கூட்டல் இல்ல, பெருக்கல். ஒண்ணு பூஜ்யமானா விடையும் பூஜ்யம். இதை நீங்களே சோதிக்கலாம். ஒரே தரத்துல ரெண்டு சின்னப் பத்தி எடுங்க. ஒண்ணை நீங்க வாசிச்சுக் காட்டி நாலு கேள்வி கேளுங்க, இன்னொண்ணை அவனை வாசிக்கச் சொல்லி நாலு கேள்வி கேளுங்க. கேட்டப்போ வந்த பதில் வாசிச்சப்போ வரலைன்னா சிக்கல் எழுத்துல. ரெண்டுலயும் வரலைன்னா சொல்வளம், மொழியறிவுல இருந்து ஆரம்பிக்கணும். உங்க பையன் முதல் வகைன்னுதான் தோணுது.

அப்புறம், "247 எழுத்தும் தெரியும்"கிறதை அப்படியே நம்பிடாதீங்க. வரிசையா ராகம் போட்டுச் சொல்றது வேற, தனியா ஒரு எழுத்தைப் பார்த்ததும் சொல்றது வேற. ஒரு 40 உயிர்மெய் எழுத்தை வரிசை கலைச்சு எழுதிக் காட்டுங்க. "மூ"வைக் காட்டினதும் அவன் உதட்டைக் கவனிங்க. "ம, மா, மி, மீ, மு..."ன்னு முணுமுணுத்துட்டு "மூ"ன்னு சொன்னா, அந்த எழுத்து இன்னும் அவனுக்குச் சொந்தமாகல. அஞ்சு எழுத்து உள்ள வார்த்தையில அஞ்சு தடவை இப்படி எண்ணிட்டு வர்றதுக்குள்ள முதல் எழுத்து மறந்து போயிடும். ஊகம் பிறக்கிறது அங்கதான்.

அடுத்து, 100 வார்த்தை வர்ற ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லுங்க. கையில ஒரு நகல் வச்சுக்கிட்டு, அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே மேல எழுதுங்க. நடுவுல திருத்த வேண்டாம். 95-ஓ அதுக்கு மேலயோ சரின்னா அவனே தனியா வாசிக்கலாம். 90-ல இருந்து 94-ன்னா உங்க துணையோட வாசிக்கலாம். 90-க்குக் கீழ போனா அந்தப் பத்தி அவனுக்குக் கடினம், எளிசா ஒண்ணு எடுங்க.

எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியம் தப்போட வகை. "பாடம்" "படம்" ஆகுதா? துணைக்காலைப் பார்க்கல. "பட்டம்" "படம்" ஆகுதா? புள்ளி வச்ச எழுத்தை விழுங்குறான். "தொட்டி"யை "தெட்டி"ன்னோ "தாட்டி"ன்னோ சொல்றானா? இந்தத் தப்பு ரொம்ப நியாயமான தப்பு. கண்ணு இடமிருந்து வலமாப் போகுது, முதல்ல கொம்பு, அடுத்து த, கடைசியில கால். ஒலியோ "த்"ல ஆரம்பிக்குது. கொம்பை மட்டும் பிடிச்சா தெ, காலை மட்டும் பிடிச்சா தா. ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கணும்னு யாராவது விரல் வச்சுக் காட்டினாத்தான் தெரியும்.

எழுத்தே இல்லாம காதுக்கும் ஒரு சோதனை வைங்க. "கபடில க-வை எடுத்துட்டா?" "படி"ன்னு சொல்லிடுவான். "ப், ஆ, சேர்த்துச் சொல்லு" அப்படின்னா? "கல்லுல முதல் ஒலியை எடுத்துட்டு அங்க 'ப்' போடு" அப்படின்னா? இதுல தடுமாறுற பிள்ளைங்களுக்கு உயிர்மெய்க் குறி எல்லாமே காரணமில்லாத கோடாத்தான் தெரியும். டிஸ்லெக்ஸியா உள்ள பெரும்பாலான பிள்ளைங்களுக்கு அடிப்படைத் தடை இந்த ஒலிப் பகுப்புலதான், கண்ணுல இல்ல. வண்ணக் கண்ணாடி போட்டா வாசிப்பு வந்துடும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, அதுக்குச் செலவு பண்ணாதீங்க. பார்வையும் காதும் சரியா இருக்கான்னு ஒரு தடவை சோதிக்கிறது தனி விஷயம், அது அவசியம்.

பயிற்சிக்கு வர்றேன். தினமும் 20 நிமிஷம், தனியா. வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு மணி நேரம் உட்கார வைக்கிறதுல பலன் கம்மி.

முதல் மூணு நிமிஷம் வாய்க்கணக்கு மாதிரி ஒலி விளையாட்டு மட்டும். அடுத்த அஞ்சு நிமிஷம் ஒரே ஒரு குறி. க, கா, கி, கீன்னு நெடுக்க போகாதீங்க, குறுக்க போங்க: கா, மா, பா, தா, லா. எந்த எழுத்தோட சேர்ந்தாலும் கால் ஒரே வேலையைத்தான் செய்யுதுன்னு அப்பத்தான் பிடிபடும். உகரத்துக்கும் ஊகாரத்துக்கும் இது செல்லாது, வடிவம் மாறிக்கிட்டே இருக்கும். உகரத்தைக் குடும்பமாப் பிரிச்சுக்கோங்க. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம். சு, பு, யு, வு கீழ கோடு இறங்குற குடும்பம். து, நு, லு, று, ணு, னு சுழிச்சு மேல ஏறுற குடும்பம். ஒரு குடும்பம் கைக்கு வந்த பிறகு அடுத்தது.

பிறகு அந்தக் குறி வர்ற ஏழெட்டு வார்த்தை. அதுல அஞ்சைச் சொல்லச் சொல்ல எழுதச் சொல்லுங்க. பத்துத் தடவை பார்த்து எழுதினதுல ஏன் பலன் வரலைன்னா, கை கோட்டை நகலெடுக்குது, வாய் மூடியிருக்கு. ஒலியைச் சொல்லிக்கிட்டே ஒரு தடவை எழுதினாலே போதும்.

மிச்ச நேரம் 50, 60 வார்த்தைப் பத்தி ஒண்ணு. நீங்க முதல்ல வாசிங்க, அடுத்து ரெண்டு பேரும் சேர்ந்து, அப்புறம் அவன் மட்டும் மூணு தடவை. ரெண்டு நாளைக்கு அதே பத்தி. மனப்பாடமாச் சொல்றானோன்னு சந்தேகம் வந்தா, நடுவுல ஒரு வார்த்தையைத் தொட்டுக் கேளுங்க. எங்கேயாவது நின்னுட்டா மூணு நாலு செகண்ட் பொறுங்க. "நல்லாப் பாரு"ன்னு சொல்றது எந்த உதவியும் இல்ல, எதைப் பார்க்கணும்னுதான் அவனுக்குத் தெரியல. பின்பாதியை விரலால மறைச்சு, "இதை மட்டும் சொல்லு, இப்ப அடுத்தது, சேர்த்துச் சொல்லு"ன்னு கேட்டுட்டு, வாக்கியத்தை முதல்ல இருந்து வாசிக்க வைங்க.

தமிழ்ல நீளமான சொல் தனித் தலைவலி. "வீட்டிலிருந்தவர்களுக்கெல்லாம்"னு பார்த்தாலே பயந்துடுவான். வீட்டில் / இருந்தவர்களுக்கு / எல்லாம்னு பென்சில் கோடு போட்டுக் கொடுங்க. அதோட, அவன் வாயில "வந்துட்டாங்க", புத்தகத்துல "வந்துவிட்டார்கள்". எழுத்து நடை காதுக்கே பழகலைன்னா கண்ணுக்கு எப்படிப் பழகும்? அதனால தினமும் கொஞ்ச நேரம் நீங்க அவனுக்கு வாசிச்சுக் காட்டணும். பெரிய வகுப்புக்கு வந்துட்டான்னு இதை நிறுத்தக் கூடாது.

வாரம் ஒரு தடவை, புதுப் பத்தியில ஒரு நிமிஷத்துக்கு எத்தனை வார்த்தை சரியா வாசிக்கிறான்னு குறிச்சு வைங்க. ஆங்கிலத்துக்குப் போட்ட அட்டவணையோட ஒப்பிடாதீங்க, நம்ம சொற்கள் நீளம். போன வாரத்து அவனோட ஒப்பிட்டாப் போதும்.

டிஸ்லெக்ஸியாவான்னு நான் இங்க உட்கார்ந்து சொல்ல முடியாது. இப்படி மூணு மாசம் விடாம செஞ்சும் அசைவு இல்ல, இல்லைன்னா குடும்பத்துல வேற யாருக்காவது இதே சிரமம் இருந்திருக்குன்னா, சிறப்புக் கல்வியாளர்கிட்டயோ மருத்துவ உளவியலாளர்கிட்டயோ மதிப்பீடு செய்யச் சொல்லுங்க. அந்த அறிக்கை வரட்டும்னு பயிற்சியைத் தள்ளிப் போடாதீங்க, டிஸ்லெக்ஸியாவா இருந்தாலும் இல்லைன்னாலும் வேண்டியது இதே பயிற்சிதான்.

அதுவரைக்கும் வகுப்புல திடீர்னு எழுப்பி வாசிக்கச் சொல்லாதீங்க. அடுத்த நாள் பகுதியை முதல் நாளே கொடுத்துடுங்க. அறிவியல் தேர்வுல கேள்வியை நீங்க வாசிச்சுக் காட்டுங்க, அங்க சோதிக்கிறது அறிவியலைத்தான்.

"அப்போ ஒண்ணாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுக்கலாமா?"ன்னும் கீழ சேர்த்துக் கேட்டிருக்காங்க. தரம் அது இருக்கலாம், புத்தகம் அது வேண்டாம். ஒன்பது வயசுப் பையன் கையில குட்டிப் பிள்ளைங்க புத்தகத்தைக் கொடுத்தா கூசிப் போயிடுவான். அவனுக்குப் பிடிச்ச விளையாட்டையோ மிருகத்தையோ பத்தி, அவனுக்கு வர்ற எழுத்துகளை மட்டும் வச்சு, நீங்களே 50 வார்த்தையில எழுதிக் கொடுங்க. எழுத்து பெரிசா, வரிக்கு வரி இடைவெளி தாராளமா இருக்கட்டும்.