மேனேஜர் குடுத்த கடன்

வணக்கம் நேயர்களே. 2021ல மதுரை செல்லூர்ல எங்க தெரு ரேஷன் கடை வாசல்ல நின்ன வரிசை இன்னும் என் கண்ணுக்குள்ளயே இருக்கு. மாநில அரசோட கொரோனா நிவாரணம் மே மாசம் 2000 ரூபா, ஜூன்ல இன்னொரு 2000. யாரு குடுத்தாங்கன்னு அந்த வரிசையில எந்தப் பாட்டியக் கேட்டாலும் டக்குனு சொல்லிரும். அதே ஆளுககிட்ட, அதுக்கு முந்துன வருஷம் மத்திய அரசு அறிவிச்ச 20 லட்சம் கோடி பேக்கேஜ்ல என்ன வந்துச்சுன்னு கேட்டா, ரேஷன் அரிசி, ஜன்தன் கணக்குல பொம்பளைகளுக்கு மூணு மாசத்துக்கு மாசம் 500 ரூபா, அதோட நிறுத்திக்கிறாங்க.

மிச்சமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத காசுங்க. பேங்குகள் கடன் குடுக்க ரிசர்வ் வங்கி தெறந்துவிட்டதே 8 லட்சம் கோடி, அப்பறம் சிறு தொழிலுக்கு 3 லட்சம் கோடி கடன், அதைக் குடுத்தது பேங்கு, அரசாங்கம் ஜாமீன் மட்டும்தான். கப்பலூர்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அந்தக் கடன வாங்கித்தான் ஆளுகளுக்கு சம்பளம் போட்டாரு, பட்டறை பொழச்சுச்சு, ஆனா கேட்டா "மேனேஜர் நல்ல மனுசன்ணே, அவருதான் குடுத்தாரு"ங்கிறாரு. பேரு போய்ச் சேர்ந்த எடத்தப் பாத்தீங்களா.

அமெரிக்காவுல ஒபாமாவுக்கும் இதேதான் நடந்துச்சு. 2009 பிப்ரவரியில 787 பில்லியன் டாலர் பேக்கேஜ்ல கையெழுத்துப் போட்டாரு, எதிர்க்கட்சியில கீழ்சபையில ஒருத்தர்கூட ஆதரிக்கல. ஆளுக்கு 400 டாலர் வரிச்சலுகைய மொத்தமா குடுக்காம சம்பளத்துல புடிக்கிற வரியக் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சாங்க, அப்பத்தான் சேத்து வைக்காம செலவு பண்ணுவாங்கன்னு கணக்கு. பொருளாதாரத்துக்கு அது சரிதான், ஆனா ஜனங்களுக்கு வந்ததே தெரியல. வேலையில்லாதவங்க 8 சதவீதத்தத் தாண்ட மாட்டாங்கன்னு அவரோட ஆளுகளே முன்னாடி சொல்லியிருந்தாங்க, அக்டோபர்ல அது 10 ஆயிருச்சு. பேக்கேஜ் இல்லேன்னா இன்னும் மோசமாயிருக்கும்னு சொன்னா யாரு கேப்பா, நடக்காத நஷ்டத்த யாரு பாத்தா? 2010 தேர்தல்ல அவரு கட்சிக்குக் கீழ்சபையில 63 சீட்டு போச்சு. பத்து வருஷம் கழிச்சு 2020ல நிவாரண செக்குல டிரம்ப் பேரையே அச்சடிச்சு அனுப்புனாங்க.

யாருக்குப் பேரு கிடைச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. பேரு கிடைக்காதுன்னு பயந்து அடுத்த தடவ இந்த ஜாமீன் கடனையே விட்டுருவாங்களோன்னுதான் மனசு அடிச்சுக்குது. அத விடக்கூடாது, அதுல இருக்குற பெரிய ஓட்டையத்தான் அடைக்கணும். 2020 பிப்ரவரி 29ல பேங்குல கடன் பாக்கி இருக்கணும், அந்தப் பாக்கியில 20 சதவீதத்த கூடுதல் கடனா தருவாங்கன்னுதான மொதல்ல ரூல் போட்டாங்க. எங்க பக்கத்துல கந்துவட்டிக்கு வாங்கி சுங்குடி சாயம் போட்டவருக்கு பேங்குல பாக்கியே கெடையாது, 20 சதவீதம்னா அவருக்கு எதுல 20? மூணு தடவ பேங்குக்கு நடந்தாரு. பட்டறைய மூடிட்டு இப்ப ஷேர் ஆட்டோ ஓட்டுறாரு. அடுத்த பேக்கேஜ் எழுதுறவங்க அவரமாதிரி ஆளுகள மொதல்ல எழுதுங்கய்யா, அவங்க இந்தத் தடவ எந்தக் கணக்குலயும் வரல.

வணக்கம்.