சா. கணேசன் கட்சி மாறியவரா? தேவகோட்டை அன்பரின் வினாவுக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக் கம்பன் திருவிழாவைப் பற்றி நாம் பேசிய பதிவைக் கேட்டுவிட்டுத் தேவகோட்டையிலிருந்து ஓர் அன்பர் எழுதியிருக்கிறார். “கம்பன் அடிப்பொடி சா. கணேசன் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற காங்கிரஸ்காரர் என்று சொன்னீர்கள். அதே காங்கிரஸை எதிர்த்து 1962இல் சுதந்திராக் கட்சி வேட்பாளராக நின்றிருக்கிறார். அப்படியானால் அவரும் கட்சி மாறியவர்தானே? ஒரே ஒரு முறை சட்டமன்றத்துக்குப் போனவரைப் பற்றி இவ்வளவு பேச என்ன இருக்கிறது?” என்பது அவருடைய வினா. கேட்ட தொனியில் சிறிது சினமும் இருக்கிறது. இருந்தாலும் நியாயமான வினா என்பதால் அது என்னை விடவில்லை.

மாறினார் என்பது உண்மை. ஆனால் எப்படி மாறினார் என்று பார்க்க வேண்டும். காங்கிரஸ் சின்னத்தில் வென்று, பதவியில் அமர்ந்துகொண்டு, நடுவழியில் வேறு அணிக்குப் போனவர் அல்லர் அவர். 1952இலும் 1957இலும் காரைக்குடி உறுப்பினர்களாக இருந்தவர்கள் வேறு இருவர். கணேசன் ராஜாஜியைத் தலைவராகக் கொண்டவர். அந்தத் தலைவர் 1959இல் சுதந்திராக் கட்சி என்ற புதிய கட்சியைத் தொடங்கியபோது அவருடன் சென்றார். அந்தக் கட்சியின் பெயரைச் சொல்லியே மக்களிடம் வாக்குக் கேட்டார். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் 1985இல்தான் வந்தது என்பது நீங்கள் அறிந்ததே. அது அன்றே இருந்திருந்தாலும் இவரைத் தொட்டிருக்காது.

நம்முடைய பதிவுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு நான் அடுத்துச் சொல்லப்போவது தெரிந்திருக்கும். ஒருவருடைய அரசியல் வாழ்வைப் படிக்கும்போது அவர் பெயரை மட்டும் உருவி எடுத்துப் படிக்காதீர்கள். அந்தத் தொகுதியில் அவருக்கு முன்னும் பின்னும் யார் யார் வென்றார்கள் என்ற பட்டியலை முழுவதுமாக எதிரில் வைத்துக்கொண்டு படியுங்கள். காரைக்குடிப் பட்டியலை அப்படி விரித்தால், கணேசனுக்கு நேர்முன்னே, 1957இல், காங்கிரஸ் உறுப்பினராக நிற்பவர் ராஜா சர் முத்தையா செட்டியார். காங்கிரஸுக்கு எதிரணியாக இருந்த நீதிக்கட்சியின் முதன்மையானவர்களில் ஒருவராக விளங்கி, 1936-37இல் மாகாண அமைச்சராக இருந்தவர் அவர். ஆக, நீதிக்கட்சியிலிருந்து வந்தவர் காங்கிரஸின் சார்பில் வென்ற தொகுதியை, காங்கிரஸுக்காகச் சிறை சென்றவர் அடுத்த தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து வென்றார். இதில் யார் மாறியவர் என்று அன்பரே சொல்லட்டும். என்னைக் கேட்டால், இருவரையும் விட அதிகமாக மாறியிருந்தது காங்கிரஸ்தான் என்பேன்.

அந்த மாற்றம் செட்டிநாட்டில் எப்படி உணரப்பட்டது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ், நிலங்களை ஒன்றுசேர்த்துக் கூட்டாகப் பயிரிடும் கூட்டுறவுப் பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. சுதந்திராக் கட்சி பிறப்பதற்கு உடனடிக் காரணம் அதுவே. சென்னை மாநிலத்திலோ நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் வந்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு முப்பது தர ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தைக் கொண்டு கணக்கிடும் ஏக்கர், என்று அது எல்லை வகுத்தது. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்கலாம். செட்டிநாட்டு வணிகச் சமூகத்தவரான நகரத்தாருக்கு இது இரண்டாம் முறை கேட்கும் செய்தி. 1930களின் பொருளாதாரச் சரிவில் கொடுத்த கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்திருந்தது. இரண்டாம் உலகப் போரில் அதை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். 1948இல் பர்மிய அரசு நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன இடத்தில் எல்லாம் போயிற்று என்ற பேச்சு வீட்டின் முகப்பிலும் உள்ளே வளவிலும் ஓயாத காலத்தில்தான் இங்கே உச்சவரம்புப் பேச்சு எழுந்தது. 1962 பிப்ரவரியில் நமக்குத் தேர்தல் முடிகிறது. அடுத்த மாதமே பர்மாவின் தலைநகர் ரங்கூனில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைப் பிடிக்கிறார்.

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அந்தத் தேர்தலைப் பற்றிப் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் எல்லாருடைய வாக்கும் அதுவரை காங்கிரஸின் இரட்டைக் காளைக்குத்தான். வேறு சின்னம் இருக்கிறதா என்று கூடப் பார்த்ததில்லையாம். அந்த முறை எங்கள் தாத்தாவான ஐயா, “அக்கரையில், பர்மாவில், போனது போதும், இனி நட்சத்திரத்துக்குப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டார்களாம். நட்சத்திரம் சுதந்திராக் கட்சியின் சின்னம். ஆயாவோ அக்கரைக்காகவும் நிலத்துக்காகவும் போடவில்லை. கம்பன் விழாவில் பார்த்த, சட்டை அணியாத, கதர் வேட்டியும் துண்டுமாக நிற்கிற மனிதருக்காகப் போட்டதாகச் சொல்வார்கள். ஒரே வீட்டில், ஒரே சின்னத்தில் விழுந்த இரண்டு வாக்குகளுக்கு இரண்டு காரணங்கள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சுதந்திராக் கட்சி என்றாலே செல்வர் கட்சி என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நிலமும் தொழிலும் உடையவர்கள் அதில் நிறையவே இருந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் காரைக்குடியில் அந்தக் கட்சிக்கு முகமாக நின்றவர், 1939 முதல் கம்பன் கழகத்தைக் கட்டி வளர்த்து, ஆண்டுதோறும் பங்குனியில் காரைக்குடியில் விழா எடுத்து, அத்தத் திருநாளன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் அருட்கோயிலில் அதை நிறைவு செய்துவந்த ஒரு காந்தியவாதி. அந்தச் செல்வாக்கை எந்தக் கட்சியும் அவருக்குக் கொடுக்கவில்லை. அவர்தான் அதைக் கட்சிக்குக் கொண்டு போனார்.

சட்டமன்றத்தில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1962 பேரவையில் 206 இடங்கள். காங்கிரஸுக்கு 139, தி.மு.க.வுக்கு 50, சுதந்திராக் கட்சிக்கு வெறும் ஆறு. ஆறு பேர் சேர்ந்து எந்த மசோதாவையும் நிறுத்த முடியாது. வினா நேரத்தில் கேட்கலாம், மானியத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுப் பிரேரணை கொடுக்கலாம், விவாதத்தில் பேசலாம், அவ்வளவுதான். இன்றுள்ள தொகுதி மேம்பாட்டு நிதியும் அன்று கிடையாது. அது காரைக்குடிக்குப் பெரிய குறையாகத் தெரிந்திருக்காது என்றே எண்ணுகிறேன். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது வள்ளல் அழகப்பர் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்ததால். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறப்பு விழா நடந்தது. கல்லூரிகளும் அவ்வாறே கொடையால் எழுந்தவை. கட்டடம் கேட்டு உறுப்பினரின் வாசலில் நிற்க வேண்டாத ஊர், தனக்காகப் பேசக்கூடிய ஒருவரைச் சென்னைக்கு அனுப்பியது.

ஒரே முறைதானே என்ற அடுத்த வினாவுக்கு வருகிறேன். உண்மையில் அன்பர் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. 1967இலும் காரைக்குடியில் சுதந்திராக் கட்சியே வென்றது; ஆனால் வென்றவர் கணேசன் அல்லர், எஸ். மெய்யப்பன். ஆள் மாறியும் நட்சத்திரம் எப்படி வென்றது என்பதுதான் கேட்கத்தக்க வினா. மீண்டும் அதே பட்டியலை எடுங்கள். 1962இல் தி.மு.க.வுடன் சேராமல் நின்ற கட்சி 1967இல் தி.மு.க. கூட்டணியில் இருக்கிறது, கூட்டணி இந்தத் தொகுதியை அதற்கு விட்டுக்கொடுத்திருக்கிறது, மாநிலம் முழுவதும் அக்கட்சிக்கு இருபது இடங்கள் கிடைக்கின்றன. முதல் வெற்றியில் வேட்பாளரின் பங்கு பெரிது. இரண்டாவதில் கூட்டணியின் பங்கு பெரிது.

அன்று தொடங்கிய வழக்கம் பின்னால் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது பாருங்கள். 1971, 1980, 1989 ஆகிய தேர்தல்களில் தி.மு.க. இங்கே நேரடியாக வென்றது. அதன் பிறகு 2021 வரை உதயசூரியன் சின்னத்தில் ஒருவரும் காரைக்குடியில் வெல்லவில்லை. ஆனால் அதன் தோழமைக் கட்சிகள் வென்றுகொண்டே இருந்தன: 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ், 2001இல் பாரதிய ஜனதா, 2006இலும் 2016இலும் 2021இலும் காங்கிரஸ். இடையில் 1991இலும் 2011இலும் அ.தி.மு.க. வென்றது. எனவே காரைக்குடி காங்கிரஸ் கோட்டை என்று நண்பர்கள் சொல்லும்போது நான் சிரித்துக்கொள்வேன். ஒருவர் கட்டி வைத்த வீட்டில் மாறி மாறிக் குடியிருப்பவர்களைப் பார்த்து இது யார் வீடு என்று கேட்பதைப் போன்றது அது.

சுதந்திராக் கட்சியின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1967இல் தி.மு.க.வுக்குத் தனிப் பெரும்பான்மையே கிடைத்துவிட்டதால் தோழமைக் கட்சியின் குரலுக்கு ஆட்சியில் எடை இல்லாமல் போயிற்று. 1971இல் ராஜாஜி பழைய எதிரியான காமராசருடன் கைகோத்தார். அந்தக் கூட்டணியில் கட்சிக்கு ஆறு இடங்களே மிஞ்சின, காரைக்குடியும் கைவிட்டுப் போயிற்று. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சியே பாரதிய லோக தளத்தில் கரைந்தது. கணேசன் பேரவைக்குப் பின் சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். ஆகவே ஒரே முறை என்று அன்பர் எழுதியது பேரவைக்கு மட்டுமே பொருந்தும். கட்சி மறைந்த பிறகு அவர் வேறு கட்சிச் சின்னம் தேடிப் போகவில்லை. கம்பன் கழகப் பணியிலும், தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பும் முயற்சியிலும், பிள்ளையார்பட்டிக் கோயிலின் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் ஆராய்வதிலும் ஈடுபட்டு 1982இல் மறைந்தார்.

பிள்ளையார்பட்டி ஆய்வைப் பற்றி வேறு இருவர் கேட்டிருக்கிறார்கள். அதற்குக் கல்வெட்டுப் படங்களைக் காட்டிப் பேச வேண்டியிருப்பதால் தனிப் பதிவாகவே தருகிறேன்.