எழுந்து நிற்கும் பலம்

நேயர்களுக்கு வணக்கம். உடற்பயிற்சி என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது காலை நடைதான். நடையைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் இயன்முறை மருத்துவத்தில் இருக்கும் நான் அடிக்கடி காணும் ஒரு காட்சியைச் சொல்லியாக வேண்டும். நாள் தவறாமல் நடக்கும் அறுபத்திரண்டு வயது அம்மா ஒருவர், வாசலில் குந்தியபடி கோலம் போட்டு முடித்ததும், இடக்கையைத் தரையில் ஊன்றி, வலக்கையால் வாசற்படியைப் பற்றி, இரண்டு முறை முயன்ற பிறகே எழுகிறார். அவருக்கு மூச்சு வாங்கவில்லை. தொடையில்தான் பலம் இல்லை.

முப்பது வயதைக் கடந்த பின் நம் தசை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதுக்கு மேல் இந்தத் தேய்வு வேகம் பிடிக்கிறது. தசை கரைந்த இடத்தில் கொழுப்பு சேர்ந்துவிடுவதால் எடைக் கருவி எதையும் காட்டிக்கொடுப்பதில்லை. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும் இடம் தசையே. அதுவும் வேலை செய்யும் தசை, இன்சுலின் குறைவாக இருக்கும்போதும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தொடைத் தசையை இழப்பது இரட்டை நட்டம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்போடு, குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியையும் பெரியவர்கள் அனைவருக்கும் பரிந்துரைக்கிறது. முதல் பாதி ஊரெல்லாம் பரவிவிட்டது, இரண்டாம் பாதி பரவவே இல்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

உங்கள் பலத்தை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். அறுபது முதல் அறுபத்துநான்கு வயதுக்குள் ஆண்கள் 14-க்கும், பெண்கள் 12-க்கும் கீழே நின்றுவிட்டால், கீழே விழும் ஆபத்து கூடியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அளக்கும் அதே செயல்தான் பயிற்சியும். பத்து முறை எழுந்து உட்கார்ந்து, இரண்டு நிமிடம் ஓய்ந்து, மீண்டும் பத்து. ஒரு நாள் விட்டு ஒரு நாள். எழும்போது மூச்சை வெளியே விடுங்கள். அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென ஏறும். நாற்காலி எளிதாகிவிட்டால், பிள்ளையார் முன் போடும் தோப்புக்கரணத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நிதானமாகப் போடலாம். இரவில் வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொள்ளும் முதியவர்கள் ஒரு முட்டையோ, ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்த்துக்கொள்ள வேண்டும். புரதம் இல்லாமல் தசை வளராது.

தொடையில் இரண்டு நாள் வலி இருப்பது இயல்பு. மூட்டுக்குள் குத்தினாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நான் சொன்ன அந்த அம்மா நாற்காலியில் இரண்டு தலையணைகளை அடுக்கி, உயரத்தைக் கூட்டித்தான் தொடங்கினார். இப்போது ஒரு தலையணையை எடுத்துவிட்டார்.