சௌக்கியமா என்று கேட்டால் அடுப்பு எரியுமா?

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லாருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஆலயத் தன்னார்வலர்கள் கஷ்டப்படும் அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உதவியில் விஞ்சி நிற்பது கொடுக்கும் பொருளா, கூட இருக்கும் நேரமா என்பது தலைப்பு. நான் நேரத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் ஒரு வரி சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். "நாலு பேர் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்து 'சௌக்கியமா' என்று கேட்டால் அடுப்பு எரியுமா?" என்றார். கேட்டதும் நான் எழுதி வந்த குறிப்பை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் எனக்கு.

எங்கள் ஆலயத்தில் சனிக்கிழமைதோறும் வீடு வீடாக மளிகைப் பை கொண்டுபோய்க் கொடுப்போம். என் பட்டியலில் கடைசி வீட்டில் தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா. மணி அடிப்பேன், கதவு கொஞ்சம் திறக்கும், பையை உள்ளே வைப்பேன், "நல்லா இருங்க தம்பி" என்பார், பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன், எல்லாம் ஒரு நிமிஷம். இப்படி அஞ்சு வாரம் போனது.

ஆறாவது வாரம் நல்ல மழை. "உள்ளே வந்து நில்லுங்க தம்பி" என்றார், போனேன். மழை விடுவதாக இல்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல் "சௌக்கியமா அம்மா?" என்றேன். "இருக்கேன்" என்றார். அப்போதுதான் மேஜைக்கு அடியில் பார்த்தேன், நடுவர் அவர்களே. நான் கொண்டுவந்து கொடுத்த டப்பாக்கள், பாட்டில்கள், அஞ்சு வாரத்துச் சாமான் அப்படியே வரிசையாக நிற்கிறது. ஒரு மூடி கூடத் திறக்கவில்லை.

"ஏம்மா?" என்றேன். பதில் சொல்லாமல் கையைக் காட்டினார். முடக்குவாதத்தில் விரல் பத்தும் உள்பக்கம் மடங்கிப் போயிருந்தன. ஒரு பாட்டில் கழுத்தில் துணி சுற்றியிருந்தது, திருகிப் பார்த்திருக்கிறார். இன்னொரு மூடியின் விளிம்பில் பல் பதிந்திருந்தது.

தோழரே, இதை உங்கள் கணக்கிலும் பார்த்துவிடுவோம். பை வந்து சேர்ந்தது, பொருளில் குறை கிடையாது, என் பட்டியலில் அஞ்சு டிக். மேஜைக்கு அடியில் அத்தனை சாமானை வைத்துக்கொண்டு அந்த அம்மா அரைப்பட்டினி. முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்போது சொல்வார், அந்த ஒரு நிமிஷத்திலா? கொண்டுவந்து கொடுப்பவனிடம் இதைத் திறந்தும் கொடு என்று கேட்க யாருக்குத்தான் வாய் வரும்? நான் உட்கார்ந்த பிறகுதான் அவருக்குக் கையைக் காட்ட மனசு வந்தது. ஒவ்வொரு மூடியாகத் திறந்து, லேசாக மூடி வைத்தேன். ஒரு மூடிக்கு ரெண்டு வினாடி ஆகியிருக்கும். சௌக்கியமா என்று கேட்டதால்தான் தோழரே, அன்றைக்கு அந்த வீட்டில் ஒழுங்காக அடுப்பு எரிந்தது.

இந்தக் கேள்வி ஒன்றும் புதிதும் இல்லை. 1833இல் பாரிசில் கல்லூரி மாணவர்கள் கூடி விவாதம் செய்யும் மன்றத்திலும் கிட்டத்தட்ட இதையே கேட்டார்கள். பழம்பெருமை இருக்கட்டும், உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று, அங்கிருந்த கத்தோலிக்க மாணவர்களைப் பார்த்து. கேள்வி தைத்தது ஃபிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயதுப் பையனை. நண்பனோடு சேர்ந்து, தங்களிடம் இருந்த விறகை ஓர் ஏழை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். ஆமாம் தோழரே, அடுப்புக்கு விறகுதான்! ஆனால் அவர்கள் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்கள் இன்றுவரை விடாமல் செய்வது, ரெண்டு ரெண்டு பேராக வீடு தேடிப் போய் உட்கார்ந்து பேசுவது. அதற்கு வழிகாட்டியவர் அந்த நகரத்துச் சேரிகளில் வேலை செய்த அருட்சகோதரி ரோசலி.

வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியன் என்ற பைபிள் கதையையும் தோழர் இழுத்தார், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தானே என்று. கொடுத்தான், இரண்டு தெனாரியம். எப்போது கொடுத்தான்? லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள், மறுநாள்! காயத்தைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்ட பிறகுதான் காசு கையில் வருகிறது.

இன்னும் ஒன்றே ஒன்று, நடுவர் அவர்களே. அந்தப் பெரியம்மா அப்புறம் எங்கள் குழுவிலேயே சேர்ந்துவிட்டார். பை தூக்க முடியாது. அதனால் தனியாக இருப்பவர்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தோம். போனை மேஜைமேல் வைத்து, விரல் முட்டியால் அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, தினமும் சாயங்காலம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு "சௌக்கியமா" என்று கேட்பார்.

போன வருஷம் என் அம்மா போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, வீட்டில் நான் மட்டும். விளக்குப் போடக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருக்கிறேன். போன் அடித்தது. அவர்தான். பட்டியலில் என் பெயரை அவராகவே சேர்த்திருக்கிறார்.

"தம்பி, நீ ஒண்ணும் பேச வேண்டாம். வைக்காம மட்டும் இரு" என்றார்.

நான் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அந்தப் பக்கம் அவர் வீட்டு மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. இருபது நிமிஷம் இருக்கும். அப்புறம் எழுந்துபோய் விளக்கைப் போட்டேன்.

குறிப்பில் மிச்சம் இருப்பதை என் அணித் தலைவர் பேசுவார். வணக்கம்.