கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே ஒரு மடம்

அவைத் தலைவர் ஐயா அவர்களே, கவுன்சிலர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் கூடத்தைத் திறந்து நாற்காலியும் போட்டுத் தந்த நூலகர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசிய தம்பி, பின்வரிசையில் பிள்ளைகளைச் சமாளித்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இங்கிலாந்தில் நம் லெஸ்டர் ஊரில் இருந்த பிரான்சிஸ்கன் என்ற கிறிஸ்தவத் துறவியர் மடத்தைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: அவர்கள் வாழ்ந்த விதம், மடம் அழிந்த கதை, அகழாய்வு. 13ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள்; சாம்பல் நிற அங்கி, சொத்து கிடையாது, பிச்சை ஏற்று வாழ்க்கை. 1538இல் எட்டாம் ஹென்றி காலத்தில் மடத்தை மூடினார்கள். சரி, மன்னர் கதைக்கு வருகிறேன், நீங்கள் அதற்குத்தானே வந்தீர்கள்.

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ரிச்சர்ட் 1485 ஆகஸ்ட் 22இல் போஸ்வர்த் போரில் செத்தார். உடலை இந்த மடத்துக் கோயிலில் அவசரமாகப் புதைத்தார்கள். மடம் போனதும் கல்லறையும் போனது, எலும்பைச் சோர் ஆற்றில் வீசிவிட்டார்கள் என்று ஒரு கதை கிளம்பியது, பாலத்துப் பக்கம் கல்வெட்டே வைத்துவிட்டார்கள். ஆனால் 1612இலேயே, மேயராக இருந்த ராபர்ட் ஹெரிக்கின் தோட்டத்தில், ரிச்சர்டின் உடல் இங்கே என்று எழுதிய ஒரு கல்தூணைப் பார்த்தவர் இருக்கிறார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தார்கள்!

அப்புறம் 2012. பிலிப்பா லாங்லி என்ற பெண்மணி மன்னரின் கல்லறையைத் தேடுவதை விடவே இல்லை. பணம் குறைந்தபோது ரிச்சர்ட் பெயரிலான சங்கத்து உறுப்பினர்கள் கொடுத்தார்கள். தொல்லியலாளர் ரிச்சர்ட் பக்லி, மன்னர் கிடைத்தால் என் தொப்பியைத் தின்கிறேன் என்றாராம். ஆகஸ்ட் 25, கவுன்சிலின் கார் நிறுத்துமிடம், முதல் நாள், முதல் குழி: கால் எலும்பு! வளைந்த முதுகெலும்பு, ஆளுக்குப் பற்றாத நீளத்தில் குழி, தலை மட்டும் முட்டுக்கொடுத்த மாதிரி நிமிர்ந்து, சவப்பெட்டி இல்லை. மன்னரின் அக்கா ஆன் வழித் தாய்வழி வாரிசான மைக்கேல் இப்சனின் மரபணுவும் எலும்போடு ஒத்துப்போனது, 2013 பிப்ரவரி 4இல் அறிவித்தார்கள். பக்லிக்குச் சக ஊழியர் தொப்பி வடிவத்தில் கேக் செய்து கொடுத்தார், தின்றார். (சிரிப்பு)

ஆனால் அந்த எலும்புக்கூட்டுக்குப் பாதங்கள் இல்லை. பின்னாளில் யாரோ கட்டடத்துக்குத் தோண்டியதில் போயிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் நகர்த்தித் தோண்டியிருந்தால் முழு உடலும் போயிருக்கும், நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். அதே கோயிலில் 2013இல் கல் சவப்பெட்டி, அதற்குள் ஈயப் பெட்டி, அதற்குள் ஒரு வயதான பெண்மணி. அந்த அம்மாவைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

இதைத்தான் நான் கூட்டத்துக்குக் கூட்டம் கத்துகிறேன். கட்டடம் கட்டுகிறவரே தோண்டிப் பார்க்கும் செலவை ஏற்க வேண்டும் என்று 1990 முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி விதி இருக்கிறது. ஆனால் வரைபடத்தைப் படித்து "இங்கே கொஞ்சம் பொறுங்கள்" என்று சொல்ல, கவுன்சிலில் ஒரு தொல்லியலாளர் இருந்தால்தானே விதிக்கு உயிர்? பணம் குறைந்தால் முதலில் கைவைப்பது அந்த வேலையில்தான். கவுன்சிலர் அம்மா தலையாட்டுகிறார், நன்றி. காலடியில் வெண்ணெய், நாம் லண்டன் அருங்காட்சியகத்துக்கு நெய்க்குப் போகிறோம்.

துறவிகள் வாழ்ந்த விதத்தை விரிவாகச் சொல்லவே இல்லை, தலைவர் ஐயா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கவுன்சிலின் தொல்லியலாளர் பணியிடத்தை எடுக்கக்கூடாது என்ற மனு பின்மேசையில் இருக்கிறது. முகவரியையும் தெளிவாக எழுதுங்கள், போன தடவை பாதிப் பேர் கையெழுத்தைப் படிக்கவே முடியவில்லை.