எலுமிச்சம்பழக் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். கோடைக்கானல் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள ஒரு சேவைச் சங்கத்துக்குப் பொருளாளர். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். ரோட்டரியோ லயன்ஸோ, பொருளாளர் வாங்கும் திட்டு எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

சங்கம் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்குக் கோட்டு, சட்டையில் குத்திய பேட்ஜ், மேடையில் சால்வை இதெல்லாம்தான் ஞாபகம் வரும். அதுவும் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் கணக்கு நோட்டைப் புரட்டினால் வேறு கதை தெரியும். எங்களுக்கு இரண்டு வங்கிக் கணக்கு. உறுப்பினர் சந்தா போவது நிர்வாகக் கணக்கு. பொதுமக்கள் கொடுக்கும் நன்கொடை போவது சேவைக் கணக்கு. ஊரார் கொடுத்த காசில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு டீ கூட வாங்கக் கூடாது. சால்வை, பேனர், மாலை எல்லாம் எங்கள் சந்தாவில்தான். இது எங்கள் ஊர் வழக்கம் மட்டுமல்ல, இப்படிப்பட்ட சங்கங்களின் பொது விதி.

இந்த விதியால்தான் ஒரு வருடம் எலுமிச்சம்பழத்துக்காகச் சண்டை வந்தது. அதைச் சொல்வதற்குமுன் கண் முகாம் பற்றிச் சொல்ல வேண்டும்.

1925-இல் அமெரிக்காவில் நடந்த லயன்ஸ் மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர், பார்வையும் கேட்கும் திறனும் இல்லாத எழுத்தாளர், பார்வையற்றவர்களுக்காக வேலை செய்யுங்கள் என்று கேட்டார். கண் சம்பந்தப்பட்ட சேவைக்கும் லயன்ஸுக்கும் உள்ள உறவு அன்றிலிருந்து வருவது. நம் பக்கம் பார்த்தால், மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியது 1976-இல். மத்திய அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியதும் அதே வருடம். கண்புரை நீக்கியபின் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை 1992 முதல் மதுரையிலேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள். அதன் விலை பல மடங்கு இறங்கியது. இன்றைக்கு முகாமில் தேர்வாகிறவருக்கு அறுவை சிகிச்சை இலவசம்.

டாக்டர், கருவி, ஆபரேஷன் எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. இடம் பிடிப்பது, தண்டோரா போடுவது, சாப்பாடு, ஆட்களைக் கூட்டி வருவது எங்கள் பொறுப்பு. கேட்க எளிதாக இருக்கும்.

முதல் தடவை மன்னவனூர்ப் பக்கம் முகாம் வைத்தோம். நல்ல கூட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்து, புரை முற்றியவர்களைத் தனியாக உட்கார வைத்தார்கள். அன்று சாயங்காலமே மதுரைக்குக் கிளம்ப வேண்டும். வேன் வந்து நின்றதும் பாதிப் பேரைக் காணவில்லை. ஒருவருக்கு மாட்டைப் பார்க்க ஆள் இல்லை. ஒரு அம்மாவுக்குத் துணைக்கு வர மகனால் மூன்று நாள் கூலியை விட முடியாது. ஒரு பெரியவர் மட்டும் உள்ளதைச் சொன்னார்: "ஆபரேஷனுக்குப் பயமில்ல தம்பி. ரோட்டு வளைவுக்குத்தான் பயம்."

சிரித்தோம். அப்புறம் யோசித்தால் அவர் சொன்னதுதான் சரி. கோடைக்கானல் ஏழாயிரம் அடி. மன்னவனூரிலிருந்து அங்கே வந்து சேருவதே ஒரு பயணம், அதற்கப்புறம் வத்தலக்குண்டு வரைக்கும் கொண்டை ஊசி வளைவு. பழக்கமில்லாத வயிறு என்ன ஆகும்? அதுவும் ஆபரேஷன் முடிந்து கட்டோடு ஏறி வரும்போது வாந்தி எடுத்தால் கண்ணுக்கு எவ்வளவு சிரமம்? சிகிச்சை இலவசம்தான், இறங்கி ஏறுவது இலவசம் இல்லை.

அடுத்த முறை பணம் திரட்டினோம், முகாமுக்காக அல்ல, வண்டிக்காக. துணைக்கு வருபவருக்கு ஒரு நாள் கூலி. மாட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஏற்பாடு. வேனுக்கு ஒரு பை எலுமிச்சம்பழம், மோந்து பார்க்க. அந்தப் பை எந்தக் கணக்கில் வரும் என்றுதான் சண்டை. "மருந்தா அது? நிர்வாகச் செலவில் எழுது" என்றார் ஒருவர். மருந்தோ இல்லையோ, அது இல்லாவிட்டால் ஆள் வண்டி ஏறமாட்டார். சேவைக் கணக்கிலேயே எழுதினேன், ரசீதோடு.

பணம் திரட்டிய கதையும் சொல்கிறேன். மே மாத சீசனில் ஏரிப் பக்கம் வேகவைத்த சோளம் விற்கலாம் என்று கடை போட்டோம். பிற்பகல் மழை. சோளமும் போச்சு, பந்தலும் போச்சு. நஷ்டத்தை ஆளுக்குக் கொஞ்சமாக எங்கள் பையிலிருந்து போட்டோம். பிறகுதான் பூம்பாறைக்காரர் ஒருவர் யோசனை சொன்னார்: "எங்ககிட்ட காசு கேக்காதீங்க, பூண்டு கேளுங்க." புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைப்பூண்டு. வீட்டுக்கு ஒரு கட்டு என்று கேட்டோம். பரணில் புகை ஏற்றித் தொங்கவிட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து வடுகபட்டிச் சந்தைக்குப் போனது. சோளத்தில் விட்டதை எடுத்து, வண்டி வாடகைக்கும் வந்தது. ரசீதில் ரூபாய்க்குப் பதில் "பூண்டு, ஒரு கட்டு" என்று எழுதியதை என் வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன்.

ஒரு வசதியான நன்கொடையாளர், பேனரில் தன் படத்தைப் பெரிதாகப் போட்டால் முழுச் செலவையும் ஏற்பதாகச் சொன்னார். பூண்டு கொடுத்த இத்தனை வீட்டாரின் படத்தையும் போட பேனரில் இடம் இருக்காது என்று சொல்லி அனுப்பினோம். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

பூண்டு கொடுத்த வீடுகளில் ஒன்றில் ஒரு பாட்டி. பார்வை மங்கிப் பல வருடம். அப்படியும் பூண்டைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று விரலாலேயே தரம் பிரிப்பார், தப்பே வராது. ஆபரேஷன் முடிந்து வந்தபின் கொஞ்ச நாள் புகை ஆகாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்றார்கள். விறகடுப்பும் குளிரும் உள்ள வீட்டில் அது லேசான காரியமா? பக்கத்து வீட்டிலிருந்துதான் சோறு போனது. ஒரு மாதம் கழித்துச் சொட்டு மருந்து போடுகிறாரா என்று பார்க்கப் போனேன். திண்ணையில் பூண்டுக் குவியலுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குப் பகீரென்றது. "என்ன ஆத்தா, வலிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. நல்லாத் தெரியுது. கண்ணத் தொறந்துக்கிட்டு பிரிச்சா கை ஓட மாட்டேங்குது."

ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் முகாம் வைப்பதில்லை. மழையில் ரோட்டில் எப்போது மண் சரியும் என்று சொல்ல முடியாது. பூண்டு எடுக்கும் நாட்களிலும் வைப்பதில்லை; யாரும் வரமாட்டார்கள். இரண்டுக்கும் இடையில் உங்கள் ஊரில் தண்டோரா கேட்டால், வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிற பெரியவர் வீட்டில் இருந்தால், கூட்டி வாருங்கள். ஆதார் நகல், தினமும் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, ஒரு போர்வை, துணைக்கு ஒரு ஆள். எலுமிச்சம்பழம் நாங்கள் கொண்டு வருகிறோம். வணக்கம்.